எடை அதேதான், ஆனால் உடம்பு மாறிவிட்டது

கேள்வி: ரக்பியில் ஃபிளாங்கராக, அதாவது பந்தைத் துரத்தும் இடத்தில், ஆடுகிறேன். சீசன் தொடங்கியபோது 96 கிலோ, ஐந்து மாதம் கழித்தும் 96. ஆனால் வேகம் குறைந்துவிட்டது, ஷார்ட்ஸ் இடுப்பில் இறுக்குகிறது. ஏன்?

பதில்: ஒரு கிலோ தசை போய் ஒரு கிலோ கொழுப்பு வந்தால் எடை மெஷினில் ஒன்றும் தெரியாது. சீசனுக்கு முந்தைய பயிற்சியில் கொழுப்பு கரைந்து தசை ஏறும். பாதி சீசன் வரை அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பிறகுதான் நழுவ ஆரம்பிக்கும்.

காரணம், டேக்கிளிலும் (பந்தோடு ஓடுபவரை மடக்கிச் சாய்ப்பது) ரக்கிலும் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டித் தள்ளுவது) வாங்கும் அடி. தசை சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறி, ஆட்டம் முடிந்த 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். தணிய மூன்று நாளுக்கு மேலும் ஆகலாம். சனிக்கிழமை ஆடினால் திங்கட்கிழமை படி இறங்கவே தொடை வலிக்கும், ஜிம்மைத் தள்ளிப்போடுவீர்கள். இப்படியே நாலு வாரம் ஓடிவிடும். சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். நடுவில் கணுக்கால் சுளுக்கி இரண்டு வாரம் உட்கார்ந்தால், அந்தக் காலின் தொடை இளைப்பது கண்ணுக்கே தெரியும்.

எடையோடு தோல் மடிப்பையும், அதாவது கிள்ளிப் பிடித்த தோலும் அடியிலுள்ள கொழுப்பும் எவ்வளவு தடிமன் என்பதையும், அளந்து பாருங்கள். காலிப்பரால் (மடிப்பைக் கவ்வி அளக்கும் இடுக்கி) உடம்பின் வலப்பக்கம் எட்டு இடங்களில், ஒவ்வொன்றையும் இருமுறை, அழுத்திய இரண்டாவது நொடியில் படிக்க வேண்டும். மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை போதும், ஆனால் ஒரே ஆள் அளக்க வேண்டும். கை மாறினால் எண்ணும் மாறும். கொழுப்புச் சதவீதமாக மாற்றாமல் எட்டு எண்களின் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள். எடையை வாரத்தின் நடுவில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். ஆட்டத்துக்கு மறுநாள் நீர் இழப்பும் தசை வீக்கமும் கணக்கைக் குழப்பும்.

ஜிம் வாரம் இரண்டு நாள் போதும்: செவ்வாய் கால், வியாழன் மேலுடம்பு. செட்டை (சுற்றுகளை) குறையுங்கள், பாரத்தைக் குறைக்காதீர்கள். உங்களால் தூக்க முடிந்த அதிகபட்சத்தில் 85 சதவீதத்தில் ஸ்குவாட் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது), மூன்று செட், செட்டுக்கு மூன்று நாலு முறை. பலர் பாரத்தைப் பாதியாக்கி 15 முறை அடிப்பார்கள். கால் களைக்கும், பலம் நிற்காது.

புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். உங்களுக்குக் குறைந்தது 155 கிராம். நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்குச் சுமார் 40. மாவுச்சத்தை ஆட்டத்துக்கு முந்தைய நாளும் ஆட்ட நாளிலும் கூட்டி, ஓய்வு நாளில் குறையுங்கள். காயத்தில் இருக்கும்போதும் மாவுச்சத்தில்தான் கை வைக்க வேண்டும், புரதத்தில் கூடாது.

முன்வரிசையில் முட்டித் தள்ளும் ப்ராப் ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் கொழுப்பு ஏறினால் பெரிய நஷ்டமில்லை. பந்தைத் துரத்தும் ஃபிளாங்கருக்கு அது வீண் சுமை. எடையும் மடிப்பும் சேர்ந்தே இறங்கினால் மட்டும் விஷயம் வேறு: சாப்பாடு போதவில்லை. அப்போது முதலில் தட்டில் அளவைக் கூட்டுங்கள், பயிற்சியை அப்புறம் பார்க்கலாம்.