தலசீமியா குழந்தைக்கு ரத்தச் செலவு: சேலம் சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. நாலு வயது மகளுக்குத் தலசீமியா மேஜர் (உடலில் போதுமான ஹீமோகுளோபின் உருவாகாத பரம்பரை ரத்த நோய்), மூன்று வாரத்துக்கு ஒருமுறை தனியாரில் ரத்தம், வீட்டு வருமானம் மாதம் 9,000 என்று எழுதியிருந்தீர்கள். மனசு கனத்துவிட்டது.

முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாறுங்கள். தலசீமியா குழந்தைகளுக்கு அங்கே ரத்தம் இலவசம். பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள் என்று அவர்கள் சொல்லக்கூடாது. இரும்புச்சத்தை இறக்கும் மாத்திரையையும் அங்கேயே கேளுங்கள். ரத்தம் ஏற ஏற இரும்பு சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். ஒரு நோட்டில் தேதி, ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் பரிசோதனை) அளவு எல்லாம் எழுதி வாருங்கள். டாக்டர் மாறினாலும் விவரம் கையில் இருக்கும்.

அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தலசீமியாவும் மாற்றுத்திறன் பட்டியலில் உண்டு; அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போனால் துணைக்குப் போகிறவருக்கும் சேர்த்து ஸ்லீப்பரில் 75 சதவீதம் சலுகை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வாங்கிவிடுங்கள்.

மூத்த மகனின் எலும்பு மஜ்ஜை தங்கைக்குப் பொருந்துமா என்று பார்க்கும் ஹெச்எல்ஏ பரிசோதனை செய்தீர்களா? உடன்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால், கோல் இந்தியா என்ற அரசு நிலக்கரி நிறுவனத்தின் நிதியில் நடக்கும் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு 10 லட்சம் வரை உதவி உண்டு. வேலூர் சிஎம்சியும் அதில் இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள், வயது ஏறினால் ஆபத்தும் ஏறும்.