எண்ணெய் கெட்டியாக இருந்தும் ஏன் மிதக்கிறது?

வணக்கம். "நல்லெண்ணெய் தண்ணீரை விடக் கெட்டி, அப்படியானால் அடர்த்தியும் அதிகம்தானே, பிறகு ஏன் மிதக்கிறது?" என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி. நம் பேச்சில் 'கெட்டி' என்ற ஒரே சொல் இரண்டு குணங்களுக்கும் வருவதால்தான் இந்தக் குழப்பம்.

நகைத் தராசு போன்ற சின்னத் தராசு இருந்தால் நிறுத்துக் காட்டுங்கள். 100 மில்லி தண்ணீர் 100 கிராம் இருக்கும்; நல்லெண்ணெய் ஏறக்குறைய 92, தேன் 140 பக்கம் வரும். இதுதான் அடர்த்தி. எது மேலே, எது கீழே என்பதை இதுவே முடிவு செய்கிறது. மெதுவாக வழிவது பாகுநிலை, அதாவது திரவத்துக்குள் இருக்கும் உராய்வு. எண்ணெயைச் சூடாக்கினால் தண்ணீர் போல ஓடும், 100 மில்லியின் எடையோ அவ்வளவாக மாறாது.

அப்புறம் ஒரு முட்டை. எண்ணெயில் போட்டால் மூழ்கிவிடும், எவ்வளவு கொழகொழப்பு இருந்தாலும் தாங்காது. ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று நான்கு ஸ்பூன் உப்பைக் கரைத்துப் போடுங்கள், மிதக்கும். முட்டை விலக்கும் திரவத்தின் எடைதான் அதை மேலே தள்ளும் மிதப்பு விசை. பாகுநிலை மூழ்கும் வேகத்தை மட்டும் குறைக்கும். சைக்கிள் பால்ரஸ் ஒன்றைத் தேனில் போட்டால் அது ஆடி அசைந்து இறங்குவதை அவளே பார்ப்பாள்.