பொதுச்சுவர் வீட்டில் மிருதங்கம் பழகுவது எப்படி?

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீடு, மகன் மிருதங்கம் கற்கிறான், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மிருதங்க மேதை மணி ஐயரைத் தந்த பாலக்காட்டில் இந்தக் கேள்வி வருவதே எனக்குச் சந்தோஷம்.

அந்தத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்கம்) கூரிய நாதத்தைக் கதவும் கனமான திரையும் ஓரளவு அடக்கிவிடும். தொப்பியின் (இடப்பக்கம்) 'தொம்' அப்படியில்லை. தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் அதிர வைத்தே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதனால் பொதுச்சுவரை விட்டு விலகி, நடு அறையில், தடித்த மெத்தையோ மடித்த ஜமக்காளமோ போட்டு உட்காரச் சொல்லுங்கள். தினசரிப் பாடத்துக்குத் தொப்பியில் ரவைப் பசை பூச வேண்டாம். பூசாவிட்டால் கும்கி, அதாவது அந்தத் தாழ்ந்த முழக்கம், குறைந்துவிடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, அறைக்குள் எதிரொலி குறையுமே தவிர வெளியே போகும் சத்தம் நிற்காது.

அப்புறம், எல்லாப் பழக்கத்துக்கும் வாத்தியம் வேண்டாம். புதுப் பாடத்தை முதலில் தாளம் போட்டு வாயால் சொல்லட்டும். சொல் தெளிந்த பிறகு ரப்பர் பேடில் மெதுவாக விரல் பழகட்டும். நாதம் கேட்டுத் திருத்த மட்டும் வாத்தியத்தை எடுத்தால் போதும். 

இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படியே அமைதி நேரம். மற்ற நேரத்துக்குப் பக்கத்து வீட்டு மாமியிடமே கேளுங்கள்: "எந்த நேரம் வாசிச்சா உங்களுக்குச் சரி?"