த்லிங்கிட் மறுபிறப்பில் கர்மாவைத் தேட வேண்டாம்

த்லிங்கிட் மக்களின் மறுபிறப்பு நம்பிக்கை பற்றிய உங்கள் கட்டுரையில் கர்மாவை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை என்றீர்கள். சேர்க்கவே வேண்டாம், அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.

தென்கிழக்கு அலாஸ்காவில் வாழும் இவர்களுக்கு மறுபிறப்பு என்றால் சொந்தக் குலத்துக்குத் திரும்பி வருவது. குலம் தாய்வழியில் போகிறது. அதனால் இறந்தவர் பெரும்பாலும் தாய்வழி உறவுப் பெண் ஒருத்தியின் வயிற்றிலேயே பிறப்பார் என்று நம்புகிறார்கள். கர்ப்பிணியின் கனவில் அவர் வருவதும், அவருக்குக் காயம் இருந்த இடத்தில் குழந்தைக்குப் பிறவிக்குறி இருப்பதும் அடையாளங்கள். அப்புறம் அவருடைய பெயரையே குழந்தைக்கு வைக்கிறார்கள். முன்வினைப் பயன் என்ற கணக்குக்கு இதில் இடமே இல்லை. உறவு அறுந்து போகாமல் தொடர்வதுதான் பெரிய விஷயம். கட்டுரையின் மையமாக இதை வையுங்கள். 1960களில் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் அங்கே இத்தகைய நிகழ்வுகளைப் பதிவு செய்தார். அவசியம் தேடிப் படியுங்கள்.

ஒப்பிட வேண்டுமென்றால் நைஜீரியாவின் இக்போ மக்களை எடுக்கலாம். அங்கேயும் குடும்பத்துக்குள்தான் திரும்புகிறார்கள், ஆனால் ஒரே முன்னோர் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளாகப் பிறக்கலாம். சரி, இன்னொன்று: “பழங்குடியினர் நம்புகிறார்கள்” என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். எந்த மக்கள் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.