இலவசமா வர்ற ரேஸ் குதிரைக்கு 12,000 வெள்ளி லோன் போடலாமா?

கேள்வி: எனக்கு 39 வயசு, சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்ல எச்டிபி அரசாங்க அடுக்குமாடி வீட்ல அம்மாகூட இருக்கேன். சம்பளம் 5,400 வெள்ளி, சிபிஎஃப் (ஓய்வுக்கால சேமிப்பு) பிடித்தம் போக கைக்கு 4,320. சின்ன வயசுலேர்ந்து ரைடிங், ஷோ ஜம்பிங்னா உயிர். இப்ப ஒரு குதிரைய பாதி லீஸ்ல, அதாவது இன்னொருத்தரோட பங்கு போட்டு வாடகைக்கு வச்சிருக்கேன், அதுக்கு மாசம் 1,620 ஆகுது. ரெண்டு வருஷம் முன்னாடி 8,000-ஆ இருந்த கார்டு கடன் இப்ப 14,000, ஆனா எல்லாமே பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வேற பேங்குக்கு மாத்திடுவேன், 0% வட்டி. ரேஸ்லேர்ந்து வந்த 9 வயசு குதிரைய ஒருத்தர் காசே வாங்காம தர்றேங்கிறார். பழக்கி எடுக்க, சேடில் வாங்க 12,000 லோன் எடுக்கலாமா? லிவரி, அதாவது லாயத்துல வச்சு தீனி போட்டு பாத்துக்கற செலவு, மாசம் 2,400. குதிரைக்குன்னு தனியா காசு சேர்க்க ஐஎல்பி (முதலீடும் இன்சூரன்ஸும் சேர்ந்த பாலிசி) போடுங்கன்னு ஃப்ரெண்டு ஒருத்தர் சொல்றார், போடலாமா?

பதில்: வேணாம்மா, லோனும் வேணாம் ஐஎல்பியும் வேணாம்.

பட்ஜெட் பாடமெல்லாம் உங்களுக்கு தேவையில்ல, கணக்கு நல்லா தெரிஞ்சவங்கதான் நீங்க. எனக்கு பயமா இருக்கறது ஒரே ஒரு பழக்கம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா கடன ஒரு பேங்க்லேர்ந்து இன்னொரு பேங்குக்கு தூக்கிட்டுப் போறது. 0% சரி, ஃபீஸ்? 2%னு வச்சாலும் ஒரு தடவைக்கு 280, வருஷத்துக்கு 560. அதக்கூட விடுங்க, ரெண்டு வருஷத்துல 6,000 ஏறியிருக்கே, அப்படின்னா மாசாமாசம் 250 வெள்ளி உங்க சம்பளத்துக்கு மேல செலவாகுது, போட்டி என்ட்ரி, பூட்ஸ், வெட் (குதிரை டாக்டர்) பில்லுன்னு எல்லாம் கார்டுல விழுது, வட்டி கண்ணுக்குத் தெரியாததால உங்களுக்கு உறைக்கல. ஒரு தடவ அடுத்த பேங்க் மாட்டேன்னு சொல்லிட்டா 27% கிட்ட வட்டி, மாசம் 315 வெள்ளி. கார்டு மாதிரி அடமானமில்லாத கடனெல்லாம் சேர்ந்து மாச வருமானத்தைப் போல 12 மடங்கு தாண்டினாத்தான் புதுக் கடனுக்கு தடை வரும், உங்களுக்கு அது 64,800. அதனால பேங்க் இன்னும் குடுக்கும், அது குடுக்குதுங்கிறத தைரியமா எடுத்துக்காதீங்க.

இப்ப அந்தக் குதிரை. சிங்கப்பூரோட கிராஞ்சி ரேஸ் மைதானத்துல 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ரேஸ் முடிஞ்சுது, அந்தக் குதிரைங்க நல்ல கையில போய்ச் சேரணும்னு நீங்க துடிக்கிறது எனக்கு புரியுது, அந்த மனசுமேல மரியாதையும் இருக்கு. ஆனா குதிரையோட விலை சின்ன செலவு, மாசச் செலவுதான் ஆளை முழுங்கும். லிவரி 2,400, லோன் தவணை 370 கிட்ட, லாடம், வெட், கோச் சேர்த்தா 3,000 தாண்டிடும். மிச்சம் 1,300 சொச்சத்துல அம்மாவையும் வீட்டையும் எப்படி பாப்பீங்க? குதிரை 25 வயசு வரைக்கும் சாதாரணமா இருக்கும். லிவரி மட்டும் வருஷத்துக்கு 28,800, 15 வருஷத்துக்கு 432,000 வெள்ளி. வேகமா ஓடிப் பழகின குதிரைய ஜம்பிங்குக்கு திருப்ப மாசக்கணக்குல ஆகும், நடுவுல முன்னங்கால் டெண்டன் போச்சுன்னா ஒரு வருஷம் ஏற முடியாம போகலாம், லிவரி மட்டும் நிக்காது. வயசாகி தாண்ட முடியாத காலத்துலயும் அதுக்கு தீனி நீங்கதான் போடணும், அத பாதியில விடற ஆள் நீங்க இல்லன்னு கடிதத்துலயே தெரியுது, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

ரைடிங்க விடச் சொல்லல. பாதி லீஸ விட்டுட்டு வாரம் ஒரு தடவ கிளப்போட குதிரையில லெசன் எடுங்க, மாசம் 400-ன்னு வைங்க. 1,220 மிச்சம், அந்த ஓவர் 250-யும் நின்னாத்தான் இது வேலை செய்யும், அதனால கடன் தீர்ற வரைக்கும் போட்டி வேணாம். 14,000 கடன் கிட்டத்தட்ட ஒரு வருஷத்துல, ஃபீஸ் சேர்த்தா ஒரு மாசம் கூட, முடிஞ்சிடும். அப்புறம் அதே காசுல ஆறு மாசச் செலவு கையில சேர்ந்ததும் மறுபடி லீஸ் எடுங்க, தாராளமா.

ஐஎல்பி இப்ப எல்லாரும் விக்கிற சரக்கு. ஆரம்ப வருஷங்கள்ல சார்ஜ்லயே நிறைய போயிடும், நடுவுல எடுத்தா நஷ்டமாகலாம். கடன் இருக்கறவங்களுக்கு அத விக்கிறவங்க மேல எனக்கு கோவம்தான் வருது. அதுக்கு பதிலா உங்க பெர்சனல் ஆக்சிடெண்ட் பாலிசிய எடுத்து ஜம்பிங்கும் போட்டியும் விலக்குல இருக்கான்னு படிங்க, அம்மா உங்க சம்பளத்த நம்பித்தான் இருக்காங்க.

லீஸுக்கு நோட்டீஸ் எத்தன மாசம்னு இந்த வாரமே கேட்டு எழுத்துல குடுத்திடுங்க. அடுத்த டிரான்ஸ்ஃபர் தேதி வரும்போது கடன மாத்தத்தான் வேணும்னா மாத்துங்க, ஆனா மாத்தினதும் பழைய கார்ட கேன்சல் பண்ணிடுங்க.