வெங்காயத் தோலும் பினாய் பெருமையும்: உங்கள் கேள்விகள்

போன வாரம் பிலிப்பைன்ஸ் (அந்த ஊர்க்காரர்கள் தங்களையே "பினாய்" என்பார்கள்) பேச்சு வந்தபோது "அவங்க ஏன் சின்ன விஷயத்துக்கெல்லாம் இவ்வளவு கோவிச்சுக்கறாங்க" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டீர்கள். 2014லிருந்து மணிலாவில் இருக்கிறேன், ஓர்ட்டிகாஸ் பக்கம் ஒரு பிபிஓவில் வேலை. நான் ஆராய்ச்சியாளன் எல்லாம் இல்லை. டகாலோக் பேசுவேன், நிறைய தடவை வாயைக் கொடுத்து மாட்டியிருக்கிறேன், அந்த ஒரு தகுதிதான்.

துபாயிலிருந்து ஒருவர்: என் ஆபீஸில் ஆறு பிலிப்பினோக்கள். அவர்கள் ஊர் டிராஃபிக், அரசியல் எல்லாவற்றையும் அவர்களே கிழிப்பார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் முகம் மாறுகிறது. ஏன் சார்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017 நவம்பரில் இங்கே எம்ஆர்டி ரயிலில் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தனியாகக் கழன்றுவிட்டது. பயணிகள் இறங்கித் தண்டவாளத்தில் நடந்து போனார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டில் அதே பேச்சுதான். "ஒன்லி இன் த பிலிப்பைன்ஸ்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், ஒருத்தர் டிபன் டப்பா மூடியைக் கழற்றி ரயில் பெட்டி மாதிரி மேஜையில் தள்ளிக் காட்டினார். மூணு வருஷம் ஆகிவிட்டதே, நானும் உள்ளூர்க்காரன்தானே என்ற நினைப்பில் "இந்த ஊரில் ரயிலை எப்போதுதான் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள்" என்றேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. மூத்த அக்கா ஒருவர், இங்கே அத்தே என்போம், "ஆ, அப்படியா" என்று சிரித்தபடி டப்பாவை மூடினார். அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரம் என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

நான் சொன்ன விஷயத்தில் தப்பில்லை, அதையேதான் அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தப்பு அந்த "-வீர்கள்" என்ற விகுதியில் இருந்தது.

"பலாட் சிபூயாஸ்" என்றால் என்ன? அடிக்கடி கேள்விப்படுகிறேன்.

நேர் அர்த்தம் வெங்காயத் தோல். நம் ஊரில் சுரணை இல்லாதவனைத் தோல் தடித்தவன் என்று திட்டுவோம் இல்லையா, இவர்கள் சுரணை அதிகமானவனை வெங்காயத் தோலன் என்று திட்டுகிறார்கள். கிண்டலைத் தாங்க முடியாமல் முறுக்கிக்கொள்பவனுக்கு "பிகோன்" என்று இன்னொரு சொல்லும் உண்டு. பிகோன் ஆனவன்தான் தோற்றவன் என்பது இங்கே பழமொழி மாதிரி. ஆக, தொட்டால் சுருங்குகிறார்கள் என்று கண்டுபிடித்தது வெளியாள் இல்லை, அவர்களேதான் பேர் வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு நடிகர்கள் ஏதாவது சொன்னால் தடை, மன்னிப்பு என்று ஏன் அந்த அமளி?

1998ல் கிளேர் டேன்ஸ் என்ற அமெரிக்க நடிகை ஒரு படப்பிடிப்புக்கு மணிலா வந்தார். கதை நடப்பது தாய்லாந்துச் சிறையில், மணிலாவைத் தாய்லாந்தாகக் காட்டினார்கள். திரும்பிப் போய்ப் பத்திரிகைப் பேட்டியில் ஊரெல்லாம் கரப்பான் நாற்றம், எலி என்கிற ரீதியில் பேசினார். மணிலா நகர மன்றம் அவர் படங்களுக்கே தடை போட்டது, ஜனாதிபதி எஸ்ட்ராடாவும் அதற்கு ஒத்து ஊதினார். படப்பிடிப்பு நடந்த இடங்களைத்தான் சொன்னேன் என்று அவர் விளக்கியும் எடுபடவில்லை. 2013ல் டான் பிரவுன் நாவல் ஒன்றில் மணிலா "நரகத்தின் வாசல்" என்று வந்தது. மெட்ரோ மணிலா வளர்ச்சி ஆணையத்தின் தலைவர், எங்கள் ஊர் சொர்க்கத்தின் நுழைவாயில் என்று அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த ஆணையத்தின் முக்கிய வேலை டிராஃபிக்கைக் கவனிப்பது! எட்சா சாலையில் மணிக்கணக்கில் நின்று பழகிய ஜனங்கள் பலர், நாவலாசிரியர் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் கிண்டலடித்தார்கள்.

இவை இரண்டும் எனக்கே கொஞ்சம் சிரிப்பு. ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2007ல் ஒரு பிரபல அமெரிக்கத் தொடரில் ஒரு பாத்திரம் டாக்டரிடம், உங்கள் பட்டம் பிலிப்பைன்ஸ் மருத்துவக் கல்லூரிப் பட்டம் இல்லையே என்று கேட்கும். ஒரு வரி ஜோக். மனுப் போட்டார்கள், சேனல் மன்னிப்புக் கேட்டது. கேட்கத்தான் வேண்டும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளை ஒரு பக்கம் தாங்கிப் பிடிப்பதே இவர்கள் நர்சுகள். 2020ல் கொரோனாவில் அங்கே இறந்த நர்சுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிலிப்பினோ வம்சாவளி என்று நர்சுகள் சங்கம் கணக்கெடுத்தது, இத்தனைக்கும் நர்சுகளில் இவர்கள் 4 சதவீதம்தான். 2009ல் ஹாங்காங் பத்தியாளர் ஒருவர் தீவுத் தகராறு பற்றி எழுதும்போது "வேலைக்காரர்களின் நாடு" என்று எழுதினார். நையாண்டி என்றார், பிறகு மன்னிப்பும் கேட்டார். அம்மாவை ஹாங்காங்கில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு வீடியோ காலில் வளர்ந்த பிள்ளைகள் என் டீமிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நையாண்டி என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லா நாட்டுக்காரனுக்கும் ரோஷம் உண்டு. இவர்களுக்கு மட்டும் என்ன தனி?

உண்டுதான். ஆனால் யார் வாயால் வந்தால் எவ்வளவு வலிக்கும் என்பதை வரலாறு முடிவு செய்கிறது. 333 வருஷம் ஸ்பெயின், அப்புறம் 1898ல் 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு ஸ்பெயின் இவர்களை அமெரிக்காவுக்குக் கைமாற்றியது. 1904ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்களைக் கொண்டுபோய்க் கிராமம் மாதிரி செட் போட்டு உட்கார வைத்து வேடிக்கை காட்டினார்கள். இகோரோட் மலைவாசிகள் நாய்க்கறி தின்பதைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துகிறது. வெளியூர்க்காரன் நம்மைப் பார்த்து என்ன நினைக்கிறான் என்ற கேள்வி இங்கே யாருக்கும் சும்மா வருவதில்லை.

அப்படியானால் அழகிப் போட்டி, குத்துச்சண்டை வெறியெல்லாம்?

அதே கேள்வியின் மறுபக்கம். மேனி பக்கியாவ் சண்டை என்றால் எட்சாவே காலியாகும், நான் பார்த்திருக்கிறேன். 2015 பிரபஞ்ச அழகிப் போட்டியில் தொகுப்பாளர் முதலில் கொலம்பியா என்று அறிவித்துவிட்டு, பிறகு மன்னிக்கவும் பிலிப்பைன்ஸ் என்றாரே, அன்று எங்கள் ஆபீஸில் வேலை நடக்கவில்லை. பளுதூக்கும் வீராங்கனை ஹிடிலின் டியாஸ் டோக்கியோவில் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தூக்கியபோதும் அப்படித்தான். ஆனால் வெளியே கிடைக்கும் எல்லா மெடலுக்கும் இந்த வரவேற்பு கிடையாது. 2021ல் பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது நாட்டை உலகத்துக்கு முன் அசிங்கப்படுத்துகிறவர் என்று திட்டியவர்கள் ஏராளம். முந்தைய வருஷம்தான் சைபர் அவதூறு வழக்கில் அவருக்குத் தண்டனை வந்திருந்தது. என்னைக் கேட்டால் இங்கே வெங்காயத் தோல் ஜனங்களைவிட அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம்.

தேசிய கீதத்துக்கும் இதே கதை. 1998 சட்டப்படி அணிவகுப்புத் தாளத்தில்தான் பாட வேண்டும். 2009ல் லாஸ் வேகாஸில் பக்கியாவ் சண்டைக்கு முன்னால் பாடகர் மார்ட்டின் நியேவெரா கொஞ்சம் இழுத்துப் பாட, தேசிய வரலாற்று நிறுவனம் கண்டித்தது.

சுயவிமர்சனமே கிடையாதா?

நிறைய உண்டு. 1887ல் ஹோசே ரிசால் ஒரு நாவலில் நாட்டின் நோயைத் திறந்து காட்டினார், பாதிரிமாரைச் சாடிய கையோடு சொந்த ஜனங்களையும் விடவில்லை. அதன் லத்தீன் தலைப்புக்கு "என்னைத் தொடாதே" என்று அர்த்தம். 1896ல் ஸ்பெயின் அவரைச் சுட்டுக் கொன்றது. 1956 சட்டப்படி அந்த நாவல் இன்று மாணவர்களுக்குக் கட்டாயப் பாடம். 2023ல் சுற்றுலாத் துறைக்காக எடுத்த விளம்பரப் படத்தில் பாலியின் படிக்கட்டு வயலும் அரபு நாட்டு மணல்மேடும் இருந்ததைத் தோண்டி எடுத்து நாறடித்ததும் உள்ளூர்க்காரர்கள்தான். தங்கள் இஃபுகாவோ வயல்களே 1995லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும்போது பாலி எதற்கு என்ற ஆத்திரம்.

யூடியூபில் வெள்ளைக்காரர்கள் ஜாலிபீ (அந்த ஊர் துரித உணவுக் கடை) கோழியைக் கடித்துவிட்டுக் கண்ணீர் விடுகிறார்களே?

அதற்குப் பேர் பினாய் பெய்ட்டிங், அதாவது பிலிப்பினோக்களைப் புகழ்ந்து தூண்டில் போட்டு லைக் அள்ளுவது. 11 கோடிப் பேர் இருக்கிற நாடு, எல்லார் கையிலும் போன். பேர் வைத்ததும் அவர்கள்தான், லைக் போடுவதும் அவர்கள்தான்.

தாவோவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறேன் அண்ணா. என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது?

தம்பி, முதலில் தாவோ மணிலா இல்லை. அங்கே பிசாயா பேசுவார்கள், மணிலாக்காரர்கள் மேல் அவர்களுக்கே வருத்தம் உண்டு. அதில் நீ தலையிடாதே. முன்னாள் ஜனாதிபதி டுடெர்டே பல வருஷம் மேயராக இருந்த ஊர். 2025 மார்ச்சில் அவரைக் கைது செய்து ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன பிறகு புண் இன்னும் ஆறவில்லை. நல்லதோ கெட்டதோ அவரைப் பற்றி நீயாக ஆரம்பிக்காதே. மற்றபடி "பிலிப்பைன்ஸ் பிடிச்சிருக்கா" என்று தினமும் கேட்பார்கள், பொய் சொல்ல வேண்டாம், பிடித்ததைச் சொல். குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் தனியாக, ஒருத்தரிடம், மெதுவாக. பத்துப் பேர் நடுவில் ஒருவரைத் திருத்தினால் "ஹியா", அதாவது வெட்கக்கேடு. கிளாஸ்மேட்டுக்கும் அப்படித்தான், கேன்டீன்காரருக்கும் அப்படித்தான்.

நம்மை "பும்பை" என்று கூப்பிடுகிறார்களாமே, உங்களுக்குக் கோபம் வராதா?

வந்தது. பும்பை என்றால் இந்தியன், எந்த ஊரானாலும் சரி. மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் பஞ்சாபிக் கடன்காரர்கள்தான் இவர்களுக்குத் தெரிந்த இந்தியர்கள், அதனால் "ஃபைவ்-சிக்ஸ்" என்றும் சீண்டுவார்கள். முதல் வருஷம் செக்யூரிட்டி ஒருவர் அப்படிக் கூப்பிட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறி, நான் திருநெல்வேலி, எனக்கும் வட்டிக்கும் சம்பந்தமில்லை என்று ஆங்கிலத்தில் பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "பிகோன்."

அன்று சாயந்திரம் சந்தைக்குப் போனால் கடைக்காரம்மா எந்த வெங்காயம் வேண்டும் என்கிறார். சின்னது சிபூயாஸ் டகாலோக், பெரியது சிபூயாஸ் பும்பை. என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பும்பையிலேயே அரைக் கிலோ போடச் சொன்னேன்.