அமெரிக்காவில் பண்ணையிலிருந்து வழியும் மழைநீருக்கு மாசு அனுமதி தேவையில்லையா?

உரம் கரைந்த மழைநீர் வயலிலிருந்து ஆற்றில் கலந்தாலும் அமெரிக்கச் சட்டம் அனுமதி கேட்பதில்லை என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உண்மைதான்; ஆனால் விலக்குக்கு எல்லை உண்டு.

1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, குழாய், வாய்க்கால் போன்ற குறிப்பிட்ட வழியாக நீர்நிலையில் மாசு விடுவோர் அனுமதி பெற வேண்டும். பாசனத்திற்குப் பின் திரும்பும் நீரை 1977-லும், வேளாண் நிலத்தில் வழியும் மழைநீரை 1987-லும் நாடாளுமன்றம் 'குறிப்பிட்ட வழி' என்பதன் வரையறையிலிருந்து விலக்கியது. ஆகவே, மக்காச்சோள வயலோரத்து வாய்க்காலில் மழைநீர் ஓடினால் அதற்கு அனுமதி வேண்டியதில்லை.

பெரிய கால்நடைப் பண்ணைகளின் நிலை வேறு. அவை அதே வரையறையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன; 700 கறவை மாடுகள் இருந்தாலே பண்ணை 'பெரியது'. அங்குள்ள சாணத்தைப் பயிரின் தேவைக்கேற்ப, எவ்வளவு இடலாம் என்று வகுத்த பயிர் ஊட்டச்சத்துத் திட்டப்படி நிலத்தில் இட்டிருந்தால் மட்டுமே, பின்னர் மழையில் கரைந்து போவதற்கு விலக்கு கிடைக்கும். நியூயார்க் மாநிலப் பால்பண்ணை ஒன்றின் வழக்கில், நிலம் தாங்காத அளவுக்குச் சாணக்கரைசலை ஊற்றிவிட்டு மழையைக் காரணம் காட்ட முடியாது என்பதே 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம்.

பயிர்நிலத்திற்கான விலக்கு மிக அகலமானது என்பதே என் கருத்து. பெரும்பாலும் வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸ் ஈரி ஏரியில் பாசியை வளர்த்ததால், 2014 ஆகஸ்டில் அந்த ஏரிநீரைக் குடிக்கும் டொலிடோ நகர மக்கள் குழாய்நீரைக் குடிக்கக் கூடாதென எச்சரிக்கப்பட்டனர். கொதிக்க வைத்தாலும் அந்தப் பாசி வெளியிடும் நஞ்சு நீங்காது.